சேர மறுப்பது இயற்கையா, ஏற்பாடா?

கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசுகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் திரையில் வாள் திரும்புகிறது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டபோது, கையசைவை உணர்ந்து கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் அதன் கைப்பிடி உலகையே வியக்க வைத்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. ஆனால் விளையாட்டுக் கருவிகளின் ஆயுள் குறுகியது. 2013-இல் ஜப்பானியச் சந்தைக்கான உற்பத்தி நின்றது. அக்கருவிக்கு விளையாட்டுகள் விற்ற நிறுவனத்தின் இணையக் கடையும் 2019 ஜனவரியில் மூடப்பட்டது.

கருவியின் காலம் முடிந்தாலும் கைப்பிடி நன்றாகவே வேலை செய்கிறது. பழைய மின்னணுப் பொருள் விற்போரிடம் ஒன்றை வாங்கி, வீட்டுக் கணிப்பொறியுடன் இணைத்து, அதே விளையாட்டைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் உண்டு. முதல் முயற்சியில் பெரும்பாலும் தோல்விதான் கிட்டும். கணிப்பொறி கைப்பிடியைக் கண்டுகொள்கிறது. ஆனால் ஏதோ ஒரு ரகசிய எண்ணைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. “அது இதோடு சேராது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு” என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதே நம் கருத்து. இரு கருவிகள் சேர மறுக்கும்போது, அவற்றைத் தடுப்பது இயற்கையின் விதியா, மனிதர் செய்துகொண்ட ஏற்பாடா என்று பிரித்தறிய வேண்டும். இயற்கை விதியை எவராலும் மாற்ற இயலாது. மனிதர் செய்த ஏற்பாட்டை ஆராயலாம், கற்றுக்கொள்ளலாம், அது நியாயமற்றதாக இருந்தால் மாற்றும்படி கேட்கவும் செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர் வாழ்நாள் முழுவதும் வாங்குபவராகவே இருந்துவிடுவார். இக்கைப்பிடியின் உள்ளே இரண்டுமே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரயிலில் ஒரு சோதனை

முதலில் இயற்கை விதி. வேப்பம்பட்டில் சென்னை செல்லும் மின்சார ரயிலில் ஏறும் மாணவர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். (இருக்கையில் அமர்ந்துகொண்டு செய்யுங்கள், வாசற்படியில் வேண்டாம்.) ரயில் புறப்படும்போது பேனா பின்னோக்கிச் சாய்கிறது. வேகம் சீரானதும் நேராகத் தொங்குகிறது. திருநின்றவூரை நெருங்கி ரயில் வேகத்தைக் குறைக்கும்போது முன்னோக்கிச் சாய்கிறது.

இதிலிருந்து தெரிவது என்ன? பேனாவுக்கு வேகம் தெரியாது; வேகத்தின் மாற்றம், அதாவது முடுக்கம் மட்டுமே தெரியும். ரயிலின் முடுக்கம் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் எனில் நூல் ஏறத்தாழ 6 பாகை சாயும். புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐக் கொண்டு இதை நீங்களே கணக்கிடலாம்.

கைப்பிடிக்குள் இருப்பதும் இத்தகைய ஊசலைப் போன்ற ஓர் அமைப்புத்தான். சிலிக்கான் சில்லு ஒன்றில், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணிய விற்சுருள்களில் ஒரு சிறு நிறை தாங்கப்பட்டிருக்கிறது. கையை அசைத்தால் அந்த நிறை பின்தங்குகிறது. அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கு இடையேயான தூரம் மாறுகிறது. தூரம் மாறினால் மின்தேக்குத் திறன் மாறும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த மாற்றத்தைச் சில்லு அளந்து எண்ணாக்குகிறது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் இப்படி அளக்கிறது. அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் செய்த இந்த முடுக்கமானி, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல மூன்று மடங்கு வரை அளக்க வல்லது. கைபேசியைப் படுக்கை வசத்தில் பிடித்தால் திரையிலுள்ள படம் திரும்புவதும் இத்தகைய சில்லினால்தான்.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. முடுக்கத்தை வைத்துக் கை எங்கே போயிற்று என்று கணக்கிட முயன்றால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நிலையான பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் இடக்கணக்கு சுமார் 5 சென்டிமீட்டர் தவறும். பத்து விநாடியில் ஏறத்தாழ 5 மீட்டர்! நேரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது. எந்தக் கம்பெனியும் போட்ட சட்டம் அல்ல இது. இயக்கச் சமன்பாடுகள் சொல்லும் விதி.

மற்றொரு வரம்பும் இருக்கிறது. கைப்பிடியை முன்னோ பின்னோ, பக்கவாட்டிலோ சாய்த்தால் புவியீர்ப்பின் திசையைக் கொண்டு முடுக்கமானி சாய்வை அறிந்துவிடும். ஆனால் செங்குத்து அச்சைச் சுற்றி இடமிருந்து வலமாகத் திருப்பினால் புவியீர்ப்பின் திசை கைப்பிடிக்கு மாறுவதே இல்லை. ஆகவே முடுக்கமானிக்கு எதுவும் தெரியாது. 2009-இல் சுழற்சியை உணரும் சில்லைத் தனி இணைப்பாகச் சேர்த்ததன் காரணம் இதுவே.

இரண்டு விளக்குகளின் வித்தை

இந்தக் குறையைத் தொடக்கத்தில் வேறு வழியிலும் தீர்த்திருந்தார்கள். கைப்பிடியின் முனையில் அகச்சிவப்புக் கதிரை மட்டும் காணும் ஒரு சிறு கேமரா உள்ளது. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு பட்டையை வைக்கச் சொல்வார்கள். அதற்கு ‘உணரிப் பட்டை’ என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். பலரும் அந்தப் பட்டைதான் கையசைவை உணர்கிறது என்று நம்பினார்கள். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அதிலிருந்து கருவிக்குச் செல்லும் கம்பி, விளக்குக்கு மின்சாரம் கொண்டுவர மட்டுமே. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை வைத்தாலும் கைப்பிடி வேலை செய்யும்!

கேமராவில் இரண்டு ஒளிப்புள்ளிகள் விழுகின்றன. கைப்பிடியை வலப்புறம் திருப்பினால் புள்ளிகள் படத்தில் இடப்புறம் நகரும். கைப்பிடியை முறுக்கினால் புள்ளிகளை இணைக்கும் கோடு சாயும். பின்னால் நகர்ந்தால் புள்ளிகள் நெருங்கும். தூரம் இருமடங்கானால் இடைவெளி பாதியாகும். பத்தாம் வகுப்பில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள்தாம் இதற்கு ஆதாரம். “இதெல்லாம் எதற்குப் பயன்படும்?” என்று கணித ஆசிரியரைக் கேட்பவர்களுக்கு இதோ ஒரு விடை.

பட்டையை நீங்களே செய்யலாம். 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, அகச்சிவப்பு ஒளியுமிழ் டையோடுகள் இரண்டு, 47 ஓம் மின்தடைகள் இரண்டு போதும். ஒவ்வொரு டையோடுக்கும் தனித்தனியே ஒரு மின்தடையைத் தொடராக இணைத்து, இரு வரிசைகளையும் 3 வோல்ட்டுக்கு இணையாகக் கொடுங்கள். டையோடில் சுமார் 1.3 வோல்ட் போக மீதி 1.7 வோல்ட். ஓம் விதிப்படி மின்னோட்டம் சுமார் 36 மில்லி ஆம்பியர். இரண்டு டையோடுகளையும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓர் அட்டையில் பொருத்துங்கள். ஒளி கண்ணுக்குத் தெரியாது. கைபேசிக் கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் வெளிறிய புள்ளியாகத் தெரியும். டையோடை அருகில் வைத்து உற்றுப் பார்க்காதீர்கள்.

ஒரே அலை, வேறு வணக்கம்

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். கைப்பிடி தன் எண்களை அனுப்பப் பயன்படுத்துவது புளூடூத் என்னும் வானொலி முறை. சுமார் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். 79 அலைத்தடங்களுக்கிடையே விநாடிக்கு 1600 முறை வரை தாவித் தாவிப் பேசுவது இதன் வழக்கம். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அடுத்த தடத்தில் செய்தி போய்ச் சேரும். குறைந்த திறனுள்ள கருவிகள் இந்த அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-இல் விதி செய்தது.

கைப்பிடியிலும் புளூடூத், கணிப்பொறியிலும் புளூடூத். அலையும் ஒன்று, மொழியும் ஏறக்குறைய ஒன்று. பிறகு ஏன் சேர்வதில்லை?

தடை முதல் வணக்கத்தில் இருக்கிறது. சாதாரணமாக இரு கருவிகள் இணையும்போது நாம் தட்டெழுதக்கூடிய ஓர் எண்ணைக் கேட்கும். இந்தக் கைப்பிடிக்கு அப்படி ஓர் எண் இல்லை. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் ஆறு பைட் நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. கைப்பிடியின் 1, 2 பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் தற்காலிக இணைப்பு கிடைக்கும். அப்போது கைப்பிடியின் சொந்த முகவரியைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். மின்கல மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிரந்தர இணைப்பு. அதற்கு எதிரே உள்ள கருவியின் முகவரியைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். இந்த பைட்டுகள் விசைப்பலகையில் தட்டக்கூடிய எழுத்துகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே மனிதர் உட்கார்ந்து தட்டினால் ஒருநாளும் சேராது; வணக்கம் அறிந்த ஒரு நிரல் சொன்னால் உடனே சேரும்.

இதை நிறுவனம் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் அலையைக் கவனித்து, ஒவ்வொரு பைட்டையும் குறித்துவைத்து, ஊகித்து, சோதித்துக் கண்டறிந்தார்கள். கண்டதை எல்லாருக்கும் வெளியிட்டார்கள். 2011-இல் லினக்ஸ் இயங்குதளத்திலேயே இக்கைப்பிடியை அறியும் நிரல் சேர்ந்துவிட்டது. கவனித்தல், குறித்தல், ஊகித்தல், சோதித்தல், வெளியிடுதல் ஆகிய இவ்வைந்தும் விஞ்ஞான முறையின் படிகள் அல்லவா? பரிசோதனைச் சாலை இல்லாமல், விளையாட்டுப் பொருளை வைத்துக்கொண்டே அதைச் செய்து காட்டினார்கள்.

வேடம் கட்டும் கணிப்பொறி

கைப்பிடி சேர்ந்துவிட்டது. விளையாட்டு எப்படி ஓடும்? ‘வீ’ கருவியின் மூளை வேறு இனம்; நம் கணிப்பொறியின் மூளை வேறு இனம். ஒன்றுக்கு எழுதிய ஆணைகள் மற்றதற்கு விளங்கா. இங்கே எமுலேட்டர் என்னும் நிரல் உதவுகிறது. தெருக்கூத்தில் நடிகர் வேடம் கட்டி அரசராக வருவதைப் போல, கணிப்பொறி வேறொரு கருவியாக வேடம் கட்டுகிறது. பழைய கருவியின் ஒவ்வோர் ஆணையையும் வாங்கி, தன் மொழியில் மாற்றி, அதே விடையைத் தருகிறது. ‘டால்ஃபின்’ என்ற எமுலேட்டர் 2003-இல் தோன்றி, 2008 முதல் அதன் மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

அதில் கைப்பிடியை மூன்று வழிகளில் சேர்க்கலாம். உண்மையான கைப்பிடியைக் கணிப்பொறியின் புளூடூத் வழியே சேர்ப்பது ஒன்று. ஒரு புளூடூத் செருகியை முழுவதுமாக எமுலேட்டரிடமே ஒப்படைத்து, பழைய கருவி பேசிய அதே முறையில் நேரடியாகப் பேசவிடுவது இரண்டு. கைப்பிடியே இல்லாமல், கைபேசியிலுள்ள முடுக்கமானி, சுழற்சி உணரி ஆகியவற்றின் அளவுகளை வீட்டு வலையமைப்பின் வழியே அனுப்பி, அதையே கைப்பிடியாக நடிக்க வைப்பது மூன்று. காசு செலவழிக்க இயலாத மாணவருக்கு மூன்றாவது வழியே ஏற்றது.

எது சரி, எது தவறு?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு: “எமுலேட்டர் என்றாலே திருட்டு விளையாட்டுதானே?” இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வேறொருவர் உழைத்துச் செய்த விளையாட்டைப் பணம் கொடுக்காமல் நகல் எடுப்பது தவறு, சட்டப்படியும் குற்றம். 2024-இல் ‘யூஸு’ என்ற வேறோர் எமுலேட்டரைச் செய்தவர்கள் மீது நிண்டெண்டோ வழக்குத் தொடுத்தது. அவர்கள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு தம் பணியையே நிறுத்தினார்கள். அந்த எமுலேட்டர் தன் விளையாட்டுகளின் பாதுகாப்பைக் குலைக்கிறது என்பது அந்நிறுவனத்தின் கட்சி.

ஆனால் நகல் எடுப்பது வேறு, இணைத்துப் பார்ப்பது வேறு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இவ்வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. முறைப்படி பெற்ற ஒரு கணிப்பொறி நிரல் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்று கவனித்து ஆராய்வதும், வேறு நிரலோடு சேர்ந்து இயங்குவதற்குத் தேவையான விவரம் எளிதில் கிடைக்காதபோது அதைக் கண்டறிவதும் அச்சட்டப்படி உரிமை மீறல் ஆகா. 2012-இல் சேர்த்த திருத்தம், உரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதைத் தண்டிக்கிறது. ஆகவே மாணவர்களுக்கு வழி தெளிவு. கைப்பிடியை ஆராயுங்கள், வணக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆர்வலர்கள் தாமே எழுதி இலவசமாகத் தரும் விளையாட்டுகளை ஓட்டுங்கள். பிறர் விளையாட்டைத் திருடாதீர்கள்.

“படிக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு?” என்பது அடுத்த வாதம். இதற்கு அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜானி சங் லீ 2007-இல் விடை தந்தார். கைப்பிடியை ஓரிடத்தில் நிலையாக வைத்து, கையில் அகச்சிவப்பு விளக்குள்ள பேனாவைப் பிடித்தார். கைப்பிடியின் கேமரா பேனாவின் புள்ளியைத் தொடர்ந்தது. சுவரில் விழுந்த படத்தின் மேல் எழுத முடிந்தது. ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள மின்னணுக் கரும்பலகை செய்யும் வேலையை, சுமார் 40 டாலர் விலையுள்ள விளையாட்டுப் பொருள் செய்துவிட்டது! கைப்பிடியை அதன் கருவியிலிருந்து பிரித்து வேறொன்றோடு சேர்க்க முடிந்ததால்தான் இது நடந்தது.

நாம் கேட்பவை

இதெல்லாம் எங்கோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்களுக்கான பேச்சு என்று நினைக்க வேண்டாம். வேப்பம்பட்டுக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் கைபேசிகள் பூட்டப்படுகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அங்கே வேலை. அந்தக் கைபேசிகள் எப்படிப் பேச வேண்டும், எதனோடு சேர வேண்டும், எதனோடு சேரக் கூடாது என்ற முடிவு பெரும்பாலும் வேறு நாடுகளில் எடுக்கப்படுகிறது. பூட்டுகின்ற கை நம்முடையது. ஏற்பாட்டை வகுக்கும் மூளையும் நம்முடையதாக வேண்டாமா? அதற்கு முதற்படி, பிறர் செய்த ஏற்பாட்டைப் பிரித்துப் படிக்கும் பழக்கம்.

நம் மாவட்டத்தின் மறுபக்கம் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில்தான் அபாயகரமான தொழிற்கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலையமும் இருக்கிறது. பொருள்கள் பிறக்கும் இடமும் அவற்றின் எச்சம் புதையும் இடமும் நமக்கு அருகிலேயே உள்ளன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் வீடியோ விளையாட்டுக் கருவிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அவ்விதிகள் குப்பையான பிறகு என்ன செய்வது என்று சொல்கின்றன. நல்ல நிலையில் உள்ள கைப்பிடி, ஒரு வணக்கம் தெரியாத காரணத்தால் குப்பையாவதைத் தடுப்பது அதைவிட மேலானது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது தயாரிப்பாளர்களுக்கு: ஒரு பொருளின் விற்பனையை நிறுத்தும் நாளில், அது மற்றவற்றோடு பேசும் முறையை வெளியிட வேண்டும். விளையாட்டின் ரகசியத்தை நாம் கேட்கவில்லை. கைப்பிடியின் வணக்கத்தைத்தான் கேட்கிறோம். இரண்டாவது பள்ளிகளுக்கு: அடல் ஆய்வுக்கூடம் உள்ள பள்ளிகளிலாவது பழைய கைப்பிடி ஒன்றும் பழைய கைபேசி ஒன்றும் பிரித்துப் பார்ப்பதற்கென்றே இருக்கட்டும். மூன்றாவது உங்களுக்கு, மாணவர்களே: விளையாட்டை ஓட்டும் முன் எண்களைப் பாருங்கள். கைப்பிடியையோ கைபேசியையோ மேசைமேல் அசையாமல் வைத்து, அதன் ஆறு பக்கங்களையும் மாற்றி மாற்றிக் கீழே வைத்து, மூன்று திசை அளவுகளையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு நிலையிலும் எந்தத் திசையில் 9.8 வருகிறது, எவ்வளவு பிழை இருக்கிறது என்று அட்டவணை போடுங்கள். அசைத்து விளையாடும்போது மணிக்கட்டுக் கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள். கயிறு அறுந்து கைப்பிடி பறந்த நிகழ்ச்சிகளால் 2006 டிசம்பரில் நிண்டெண்டோ 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர முன்வந்தது!

அடுத்த முறை எவரேனும் “இது அதோடு சேராது” என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏன்?” விடையாக வருவது நியூட்டனின் விதி என்றால் தலைவணங்குங்கள். ஒரு நிறுவனத்தின் ஏற்பாடுதான் என்றால் பென்சிலை எடுத்துக் குறிக்கத் தொடங்குங்கள்.